புஜங்காசனம் பழகப் போகிறீர்களா? ஒரு தையல்காரியின் குறிப்புகள்

மதுரை செல்லூரில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். 18 வருஷமாகக் குனிந்த தலை நிமிராத பொம்பளை நான். நல்ல மருமகள் என்று பேர் வாங்குவதற்காக இல்லை, ஊக்கு வைக்க, சேலைக்கு ஃபால்ஸ் தைக்க, ஊசியில் நூல் கோக்க. 43 வயதில் சொந்தக்காரர் கல்யாண வீடியோவில் பக்கவாட்டில் என்னைப் பார்த்தேன். தோள் இரண்டும் முன்னால் வளைந்து, கழுத்து நீண்டு, எங்கள் அப்பத்தா நடந்து வருகிற மாதிரியே இருந்தது.

கூன் நிமிர புஜங்காசனம், அதாவது குப்புறப் படுத்துப் பாம்பு படமெடுப்பது போல மார்பைத் தூக்குகிற யோகாசனம். அன்றைக்கு ராத்திரியே போனில் அதன் வீடியோ ஒன்றைப் போட்டு, குப்புறப் படுத்து, கையை ஊன்றி, ஒரே தம்மில் எழுந்தேன். வீடியோவில் இருந்த பெண் எவ்வளவு உயரம் போனாளோ அவ்வளவு உயரம் நானும் போனேன். இடுப்புக்குச் சற்று மேலே சுருக்கென்று ஒரு பிடிப்பு. தீபாவளிக்கு 20 நாள் இருந்தது, மேஜையில் 31 பிளவுஸ் கிடந்தது. 9 நாள் பெடலை மிதிக்க முடியவில்லை. 14 பிளவுஸைப் பக்கத்துத் தெரு கடைக்குத் தூக்கிக் கொடுத்தேன்.

பிறகு முறையாகப் பழகி இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் யோகா டீச்சர் இல்லை. பட்ட பாட்டை இன்னொருத்தர் படவேண்டாம் என்று எழுதுகிறேன். அலுவலக நாற்காலியோ, கல்லாப்பெட்டியோ, பைக் ஓட்டுவதோ, நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

1. முதலில், உங்கள் முதுகுக்கு இது ஒத்துவருமா?

பின்னால் வளைவது எல்லா முதுகுக்கும் ஆகாது. வீடியோக்களில் இதைக் கடைசியில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கர்ப்பமாக இருந்தால் வேண்டாம். குடலிறக்கம், ஆறாத வயிற்றுப்புண், சமீபத்தில் நடந்த வயிற்று ஆபரேஷன் இருந்தாலும் வேண்டாம். பி.பி. கட்டுக்குள் வராதவர்கள், எலும்பு மெலிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னவர்கள், முதுகெலும்பில் ஒரு எலும்பு நழுவியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தவர்கள், மணிக்கட்டில் நரம்பு அழுந்தி ராத்திரியில் விரல் மரத்துப்போகிறவர்கள் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் பாயை விரிக்கக் கூடாது.

எனக்கு இரண்டு பிள்ளையும் சிசேரியன். ஆபரேஷன் ஆகி 15 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இதற்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து, தழும்பின் மேல் விரலை வைத்து, "இருமுங்க" என்றார். இருமும்போது அந்த இடத்தில் ஏதாவது புடைத்து வருகிறதா என்று பார்த்தார். புடைத்தால் அது குடலிறக்கம், அந்த வயிற்றை நம்பிக் குப்புறப் படுத்து எழக் கூடாது. இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை.

முதுகுவலி காலில் இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லேசாகப் பின்னால் வளையும்போது காலில் இருக்கிற வலி மேலேறி முதுகோடு நின்றால், வளைவு உங்களுக்கு உதவக்கூடும். அதே வலி தொடையிலிருந்து கெண்டைக்கால், பாதம் என்று கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். வயதானவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிப் பாதி நடப்பதற்குள் கால் கனத்து மரத்துவிடும். படியில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிடும். அப்படி இருந்தால் முதுகெலும்புக்குள் நரம்பு போகிற பாதை குறுகியிருக்கலாம். பின்னால் வளைந்தால் அந்தப் பாதை இன்னும் குறுகும். அவர்களுக்கு இந்த ஆசனம் இல்லை.

மூத்திரம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் திடீரென்று பலமிழப்பது, முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்து அடிபட்ட பிறகு வருகிற வலி, இவற்றில் எது இருந்தாலும் யோகாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி.

2. எந்தக் காகிதத்தை எடுத்துப் போவது

ஒரு பிளாஸ்டிக் பைல் போடுங்கள். 20 ரூபாய்தான். பழைய ஆபரேஷன் எதுவானாலும் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி, முதுகு, கழுத்துக்கு எடுத்த எக்ஸ்ரே அல்லது ஸ்கேனின் ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, கடைசியாகப் பார்த்த பி.பி. அளவு, இவ்வளவும் அதில் இருக்கட்டும். எக்ஸ்ரே பிலிமைவிட அதோடு வந்த ரிப்போர்ட் தாள்தான் முக்கியம். என் பீரோவில் பிலிம் பத்திரமாக இருந்தது, ரிப்போர்ட்டைக் காணோம். போனில் போட்டோ எடுத்துவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. யோகா சொல்லித் தருகிறவரிடமும் அந்த போட்டோவையே காட்டலாம்.

புதிதாக ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வலி வந்து சில வாரமே ஆகியிருந்து, மேலே சொன்ன அபாய அறிகுறி எதுவும் இல்லை என்றால் பொதுவாக உடனே தேவைப்படாது. என் டாக்டரம்மா எழுதித் தரவில்லை. நானாகவே, "எடுத்துப் பாத்துரலாமா டாக்டர்?" என்று கேட்டதற்கு, "காசு கூடுதலா இருந்தா பிள்ளைக்கு நல்ல பேக் வாங்கிக் குடுங்க" என்றார்.

அவர் வாங்கிய பீஸ் 300 ரூபாய். பிசியோதெரபிஸ்டிடம் இரண்டு முறை போனேன், ஒரு தடவைக்கு 350. இதுவும் முடியாது என்றால் பனகல் சாலையில் நம் பெரியாஸ்பத்திரி, அதுதான் அரசு ராஜாஜி மருத்துவமனை, இருக்கவே இருக்கிறது. புறநோயாளிச் சீட்டுக்குக் காசு இல்லை. காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும், அவ்வளவுதான். யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு எங்கே, எந்த நேரம் என்று அங்கேயே விசாரியுங்கள்.

3. யாரிடம் கற்பது? இங்கேதான் நான் இரண்டாவது தடவை ஏமாந்தேன்

வலி அடங்கியதும் ஊருக்குள் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மாசம் 1,500, மூன்று மாசம் சேர்த்துக் கட்டினால்தான் சேர்ப்போம் என்றார்கள். 4,500 கட்டினேன். ரசீது கேட்டதற்கு, "வாட்ஸப்புல அனுப்பிருவோம்" என்றார்கள். அனுப்பவில்லை. சேரும்போது ஆதார் நகல் வாங்கினார்கள், போட்டோ வாங்கினார்கள். உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டாம் நாளே 20 பேரையும் வரிசையாகப் படுக்கப்போட்டு, "கையை நீட்டி மேலே, மேலே!" என்று ஒரே சத்தம். நான் பாதியில் நிற்பதைப் பார்த்துவிட்டு ஆசிரியர் பின்னால் வந்து, என் தோளைப் பிடித்து அவரே பின்னுக்கு இழுத்தார். அதே இடத்தில் அதே சுருக். மறுநாள் போகவில்லை. பணம் திரும்ப வரவும் இல்லை.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். விடமாட்டேன் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். ஆசிரியர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். என்ன ஆபரேஷன், என்ன மாத்திரை, எங்கே வலி என்று கேட்டால் நல்ல இடம். எந்த பேட்ச், எத்தனை மாசம் என்று மட்டும் கேட்டால் யோசியுங்கள். தொடாமல் வாயால் திருத்தத் தெரிந்தவரா என்பதையும் பாருங்கள். முதுகின் மேல் கையையோ காலையோ வைத்து அழுத்துகிறவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் வேண்டாம். மாசாமாசம் மட்டும் கட்டுங்கள், ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டே கட்டுங்கள்.

நோய் உள்ளவர்கள் முடிந்தால் பி.என்.ஒய்.எஸ். படித்தவரைத் தேடுங்கள். அது இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த ஐந்தரை வருஷப் பட்டப்படிப்பு. ஒரு மாசப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டியிருப்பவருக்கும் அவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

எனக்குக் கடைசியில் அமைந்தது நாகமலை புதுக்கோட்டையில் வீட்டு மாடியில் ஐந்தாறு பேருக்கு மட்டும் சொல்லித் தரும் ஓர் அக்கா. வாரம் 3 நாள், மாசம் 900. செல்லூரிலிருந்து பெரியார் பஸ் நிலையம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். தூரம்தான். ஆனால் சாதா டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லையே, போக்குவரத்துச் செலவு பூஜ்யம்.

4. பாய், உடுப்பு, இடம்

கோரைப்பாய் மட்டும் போட்டால் டைல்ஸ் தரையில் வழுக்கும். பாய்க்கு மேல் கனமான ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டாலே முதல் மாசத்துக்குப் போதும். ரப்பர் மேட் பிறகு வாங்கலாம், நான் 550 கொடுத்தேன். ரொம்பப் பஞ்சாக இருப்பதை வாங்காதீர்கள், மணிக்கட்டு புதைந்து வலிக்கும். நைட்டியில் செய்யாதீர்கள். முழங்காலுக்குக் கீழே துணி மாட்டி, எழும்போது கழுத்தை இழுக்கும். பழைய சுடிதார் போதும், பின்னால் ஜிப்போ பட்டனோ இல்லாதது. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனசு வராதவர்கள் முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக் குத்தும்.

5. நேரம்

வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பாடு என்றால் 3 முதல் 4 மணி நேர இடைவெளி, டீ பிஸ்கட் என்றால் ஒரு மணி நேரமாவது. காலையில் எழுந்து, வெளிக்குப் போய்விட்டு, அரை டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் செய்வது நல்லது. ஆனால் நம் ஊரில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ராத்திரி 11 மணிக்குப் பரோட்டாவைச் சால்னாவில் முக்கிச் சாப்பிட்டுவிட்டுக் காலை ஐந்தரைக்குக் குப்புறப் படுத்தால், சால்னா தொண்டைக்கு வந்து நலம் விசாரிக்கும். எனக்கு நடந்தது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டையும் கணக்கில் சேருங்கள்.

எழுந்த உடனே முதுகு விறைப்பாக இருக்கும். கொஞ்ச நேரம் நடமாடி, வாசல் தெளித்து, பாத்திரம் ஒதுக்கிவிட்டு வந்து படுத்தால் வித்தியாசம் தெரியும். கத்திரி வெயிலில் மொட்டைமாடி என்றால் காலை 6 மணிக்குள் முடித்துவிடுங்கள்; சாயங்காலம் தரை கக்கும் சூட்டில் யாராலும் படுக்க முடியாது. மாதவிலக்கு நாளில் வயிறு தரையில் அழுந்துவது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்கு முதல் இரண்டு நாள் ஒத்துக்கொள்ளாது, அதனால் விட்டுவிடுவேன். உங்கள் உடம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தடவைக்கு மொத்தம் 20 நிமிஷம். வாரம் 4 நாள் தவறாமல் செய்தால் போதும்.

6. முதல் இரண்டு வாரம்: எழவே எழாதீர்கள்

இதைக் கேட்டு எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. 900 ரூபாய் கொடுத்துப் படுத்துக் கிடக்கவா என்று தோன்றியது.

முதல் வாரம் மகராசனம் மட்டும். குப்புறப் படுத்து, இரு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கி, அதன்மேல் நெற்றியை வைத்து, மூச்சு வயிற்றில் போய் வருவதைப் பார்ப்பது. 3 நிமிஷம். வயிறு தரையை அழுத்தி விலகுவது தெரிய வேண்டும். பலருக்கு இதுவே முதல் நாளில் தெரியாது. அதோடு மார்ஜரி ஆசனம். கை, முழங்கால் ஊன்றிப் பூனை மாதிரி நின்று, முதுகை மெதுவாக மேலே வளைத்து, பிறகு கீழே இறக்கி, 8 தடவை. இதுதான் முதுகைத் தட்டி எழுப்புகிற வேலை.

இரண்டாம் வாரம் முழங்கை ஊன்றிய நிலை. குப்புறப் படுத்து, முழங்கைகளைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி, முன்கையைத் தரையோடு வைத்து, மார்பை மட்டும் நிமிர்த்துவது. டிவி பார்க்கிற பிள்ளைகள் படுத்திருப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான், தலையைக் கையில் தாங்காமல். 5 மூச்சு, 3 தடவை. இதிலேயே கீழ்முதுகு பிடித்தால் நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலை வலிக்காமல் வருகிற வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டு வாரம் என்பது என் கணக்கு. எங்கள் வகுப்பில் ஒரு பெரியம்மாவுக்கு ஆறு வாரம் ஆனது.

7. இப்போது புஜங்காசனம்

குப்புறப் படுங்கள். நெற்றி தரையில். கால்கள் சேர்ந்திருப்பதுதான் முறை, ஆனால் இடுப்பு இறுக்கமாக உள்ளவர்கள் இடுப்பகலத்துக்கு விரித்துக்கொள்ளலாம். பாதத்தின் மேல்பக்கம் தரையில் படிந்திருக்கட்டும். சுண்டுவிரல் நகம் வரைக்கும் தரையை அழுத்த வேண்டும். அது தூக்கிக்கொண்டால் பாரமெல்லாம் கீழ்முதுகில் வந்து உட்காரும்.

உள்ளங்கை எங்கே? எல்லாரும் தோளுக்கு முன்னால் வைக்கிறார்கள். அது தப்பு. பிளவுஸில் கையும் உடம்பும் சேருகிற அக்குள் தையல் இருக்கிறதே, அதற்கு இரண்டு விரற்கடை கீழே, மார்புக்குப் பக்கத்தில் வையுங்கள். முழங்கை வெளியே பரப்பாமல் விலாவை ஒட்டிப் பின்னால் பார்க்கட்டும்.

எழுவதற்கு முன் அடிவயிற்றை லேசாக உள்ளே இழுத்து, தொப்புளுக்குக் கீழே கையால் தொட்டால் தெரியும் எலும்பைத் தரையில் பதியுங்கள். புட்டத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். இப்போது மூச்சை இழுத்துக்கொண்டே நெற்றி, பிறகு மூக்கு, பிறகு மோவாய், பிறகு மார்பு. மார்பு மேலே போகிறது என்று நினைக்காதீர்கள், முன்னால் நகர்கிறது என்று நினையுங்கள். தொப்புள் தரையை விட்டு எழக் கூடாது.

இந்த இடத்தில்தான் அக்கா என்னை நிறுத்தினார். நான் மார்பைத் தூக்கி அப்படியே நிற்கிறேன், முகம் சிவந்திருக்கிறது, கை நடுங்குகிறது. என் பையில் கிடந்த இரண்டு வெட்டுத் துணியை எடுத்து வந்தார், ரோஸ் கலர் லைனிங் துணி. கைக்கொரு துண்டாக என் இரண்டு உள்ளங்கைக்கும் அடியில் செருகினார். "இப்ப நான் இழுப்பேன். துணி வரணும்" என்றார். இழுத்தார். வரவில்லை. என் மொத்த பாரமும் கையில் இருந்தது. "கையில என்னக்கா இம்புட்டு வெயிட்டு? முதுகு எங்கிட்டுப் போச்சு?" என்றார். நான் கொஞ்சம் இறங்கினேன். வரவில்லை. இன்னும் இறங்கினேன். மார்பு தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்துக்கு வந்தபோது துணி வழுக்கிக்கொண்டு அவர் கையோடு போனது. "இம்புட்டுத்தான் உங்க புஜங்காசனம். மிச்சமெல்லாம் உங்க கையோடது."

வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். வெளியே நாகமலை. இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், அந்த மலையில் உச்சி என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. மைல் கணக்கில் நீட்டிப் படுத்திருக்கும், அவ்வளவுதான். அக்காவும் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "அதை என்ன உசரம்னு யாரும் கேக்க மாட்டாகல்ல? அது கணக்கா நீளமாப் படுங்க" என்றார். ஆசனத்தின் பேரிலேயே பாம்பு இருக்கிறது. எனக்குப் புரிந்தது அந்த மலையைப் பார்த்துத்தான்.

வீட்டில் தனியாகச் செய்பவர்கள் துணிச் சோதனைக்குப் பதிலாக, மேலே இருக்கும்போது இரண்டு உள்ளங்கையையும் ஒரு நொடி தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். மார்பு தொபீர் என்று விழுந்தால் நீங்கள் அளவு மீறி எழுந்திருக்கிறீர்கள். விழாமல் நிற்கிற உயரம்தான் உங்கள் உயரம். முதுகுத் தசை பலப்பட்ட பிறகு கை கொஞ்சம் உதவலாம், அப்போதும் முழங்கை லேசாக மடங்கியே இருக்கட்டும்.

மேலே நிற்கும்போது தோள் காதை நோக்கி ஏறும். இறக்குங்கள். கழுத்தைப் பின்னால் மடக்கி விட்டத்தைப் பார்க்காதீர்கள், ஒரு முழம் முன்னால் தரையைப் பாருங்கள். மூச்சை அடக்காதீர்கள். பல்லைக் கடிக்கிறீர்களா என்று பாருங்கள், நான் கடிப்பேன். முதல் வாரம் 3 மூச்சு நின்றால் போதும், பிறகு 5 மூச்சு, போகப்போக அரை நிமிஷம். மூச்சை விட்டுக்கொண்டே மார்பு, மோவாய், நெற்றி என்று இறங்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கையை உடம்போடு போட்டு நான்கு மூச்சு இளைப்பாறுங்கள். இப்படி 3 தடவை. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

கடைசித் தடவை இறங்கியதும் சட்டென்று எழுந்து உட்காராதீர்கள். கையை ஊன்றி இடுப்பைக் குதிகாலை நோக்கித் தள்ளி, நெற்றியைத் தரையில் வைத்துப் பாலாசனத்தில் ஒரு நிமிஷம் இருங்கள். பிறகு பக்கவாட்டில் புரண்டு எழுங்கள்.

8. எந்த வலி நல்ல வலி?

மறுநாள் முதுகின் நடுவில், தோள்பட்டை எலும்புகளுக்கு இடையில், துணி துவைத்த மறுநாள் போல ஒரு அசதி இருக்கும். இரண்டு நாளில் போய்விடும். அது வேலை செய்ததன் அடையாளம். இடுப்புக்கு மேலே ஒரே புள்ளியில் கிள்ளுவது போல வந்தால் நீங்கள் முழு முதுகையும் விட்டுவிட்டு அந்த ஒரு மூட்டில் மட்டும் மடங்குகிறீர்கள். இறங்குங்கள், முழங்கை ஊன்றிய நிலைக்குத் திரும்புங்கள். காலில் மின்சாரம் ஓடுவது போல இழுத்தால் அன்றோடு நிறுத்தி, டாக்டரைப் பார்த்த பிறகு தொடருங்கள். தலை சுற்றினால் மூச்சை அடக்கியிருப்பீர்கள் அல்லது கழுத்தை மடக்கியிருப்பீர்கள்.

"வலியைத் தாண்டிப் போ" என்று சொல்கிற குரு யாராவது கிடைத்தால் அவரைத் தாண்டிப் போங்கள்.

9. என்ன பலன், எத்தனை நாளில்?

எனக்கு மூன்றாம் வாரம் முதலில் மாறியது மூச்சு. மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு கொஞ்சம் விரிந்து கிடப்பது தெரிந்தது. ஆறாம் வாரத்தில் சாயங்கால முதுகுவலி குறைந்தது. போகவில்லை, குறைந்தது. முன்பு நாலு பிளவுஸுக்கு ஒரு தடவை எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது மத்தியானம் வரை தாக்குப்பிடிக்கிறேன். மூன்றாம் மாசம் பிளவுஸ் அளவு எடுக்க வந்த ஒரு அக்கா, "என்னடி, வளந்துட்டியா?" என்றார். வளரவில்லை. கூன் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது.

இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடுகிற தசைகள் நம்மைப் போன்றவர்களுக்கு நாள் முழுக்க நீட்டப்பட்டு, வேலையில்லாமல் தளர்ந்துபோகின்றன; முன்பக்கம் மார்புத் தசைகள் குறுகிக்கொள்கின்றன. குப்புறப் படுத்துக் கையின் உதவியில்லாமல் எழுவது இரண்டையும் திருப்பிப்போடுகிறது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு யோகாவை முதற்கட்ட வைத்தியங்களில் ஒன்றாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் சங்கம் 2017 வழிகாட்டுதலில் சேர்த்திருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு, ஒரு பயிற்சியும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் யோகா செய்பவர்களுக்குக் கொஞ்சம் முன்னேற்றம் இருப்பதாகச் சொல்கிறது. மற்ற முதுகுப் பயிற்சிகளைவிட மேல் என்று அது சொல்லவில்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. அந்த ஆய்வுகளும் யோகா முழுவதையும் பற்றியவை, இந்த ஒரு ஆசனத்தை மட்டும் பற்றியவை இல்லை.

இந்த ஆசனம் சர்க்கரையைப் போக்கும், தைராய்டைச் சரிசெய்யும், கிட்னியைச் சுத்தம் செய்யும், 30 வயதுக்கு மேல் உயரம் கூட்டும் என்று வாட்ஸப்பில் வருவதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எங்கள் தெருவிலேயே ஒருத்தர் நிறுத்திவிட்டு நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

இன்னொன்று. 20 நிமிஷம் நிமிர்ந்துவிட்டு 10 மணி நேரம் குனிந்தால் எதுவும் நிற்காது. மிஷின் மேஜையின் நாலு காலுக்கும் அடியில் இரண்டு அங்குலக் கட்டை வைத்துத் தரச் சொன்னேன், ஆசாரி 200 வாங்கினார். ஆசனத்தில் கிடைத்ததில் பாதி இந்தக் கட்டையால்தான் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

10. மூன்று மாசத்துக்கு ஆன செலவு

டாக்டர் 300, பிசியோதெரபி 700, அக்காவுக்கு 2,700, மேட் 550, பைல் 20, கட்டை 200. மொத்தம் 4,470. ரசீதில்லாமல் போன 4,500 தனி. கைநழுவிய 14 பிளவுஸ் லைனிங்கோடு 400 வீதம் 5,600, அதுவும் தனி.

11. அடுத்து?

புஜங்காசனத்தில் கை ஊன்றாமல் 5 மூச்சு நிற்க முடிந்த பிறகு சலபாசனம். குப்புறப் படுத்தபடியே முதலில் ஒரு காலை மட்டும் தூக்குவது, பிறகு இரண்டு காலும். அதன் பிறகுதான் கணுக்காலைப் பிடித்து வில் மாதிரி வளைகிற தனுராசனம், முழங்காலில் நின்று பின்னால் சாய்கிற உஷ்ட்ராசனம். உஷ்ட்ராசனத்தில் குதிகாலைத் தொட முடியாவிட்டால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாலே போதும். தொட்டே தீருவேன் என்று ஒரு பக்கமாகத் திரும்பிச் சாய்வதுதான் அங்கே எல்லாரும் செய்கிற தப்பு. நான் இப்போது தனுராசனத்தில் நிற்கிறேன், தொடை இன்னும் தரையை விட்டு எழவில்லை.

மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் ஊன்றி உடம்பைச் சக்கரம் மாதிரி வளைத்துத் தூக்குகிற சக்ராசனத்தை நான் தொடவில்லை, அக்காவும் பேச்சை எடுக்கவில்லை. மகள் செய்கிறாள், பதினேழு வயசு. சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துச் சூடு இறங்கியதும் பாயை விரிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊக்கு தைத்துக்கொண்டிருப்பேன். அவள் வளையும்போது மட்டும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு, தலைக்குக் கீழே தலையணையைத் தள்ளிவைப்பேன். "எடும்மா அதை" என்பாள். எடுப்பதில்லை.